நகக்கண்ணில் சிவந்த கோடுகள்: வயிற்றுப் பூச்சியும் ஈசினோபில் மிகுதியும் இதயத்தைத் தொட்ட ஒரு நிகழ்வு

அணைக்கட்டு வட்டாரத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர் அந்த அம்மா. வயது 47. வீட்டுக்காரர் பெயரில் ஐம்பது சென்ட் நிலம் இருக்கிறது. அதில் முள் கத்திரி போடுவார்கள். மற்ற நாட்களில் நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போவார். ஆடி மாதம் ஒரு மாலையில் அவருடைய மகன் பைக்கில் உட்கார வைத்து வேலூருக்கு அழைத்து வந்தார். நோயாளி யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

“மூச்சு வாங்கிக்கினே கீது டாக்டரம்மா. படுத்தா இன்னும் ஜாஸ்தி. ரெண்டு தலகாணி வெச்சி சாஞ்சிக்கினுதான் தூங்குறேன்” என்றார். மூன்று வாரமாக இப்படி. சாயங்காலம் ஆனால் கால் வீங்குகிறது. மெட்டி விரலில் இறுகிப் போய், சோப்பு போட்டும் கழற்ற முடியவில்லை. நெஞ்சுவலி இல்லை, காய்ச்சல் இல்லை, சுகர் பிரஷர் எதுவும் இல்லை.

அதற்கு முன்னால் ஒன்றரை வருடமாக வறட்டு இருமலும் வீசிங்கும் இருந்திருக்கின்றன. மூன்று இடங்களில் காட்டியிருக்கிறார்கள். மூன்று இடத்திலும் சொன்னது ஒன்றுதான்: “ஈஸ்னோபீலியா இருக்கு, அலர்ஜி.” இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நாள், ஏழு நாள் என்று நான்கு தடவை ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு முறை மூன்று வாரத்துக்கு யானைக்கால் மாத்திரையும் சாப்பிட்டிருக்கிறார். ஸ்டீராய்டு சாப்பிடும் வாரம் நன்றாக இருக்கும். நிறுத்தின பத்து நாளில் பழையபடி.

மகன் ஒரு மஞ்சப்பையைக் கொடுத்தார். நம் ஊர் மஞ்சப்பையில் நோயாளியின் முழுச் சரித்திரமும் இருக்கும். யாராவது பொறுமையாக எடுத்து அடுக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களைத் தேதிவாரியாக மேசையில் பரப்பினேன்.

பதினான்கு மாதத்துக்கு முன்: மொத்த வெள்ளணுக்கள் 9,600, அதில் ஈசினோபில் என்ற வகை 18 சதவீதம். எட்டு மாதத்துக்கு முன்: 11,200, ஈசினோபில் 27 சதவீதம். நான்கு மாதத்துக்கு முன்: 10,400, ஈசினோபில் 6 சதவீதம். இந்தக் கடைசித் தாளின் ஓரத்தில் யாரோ பேனாவால் ‘நார்மல்’ என்று எழுதியிருந்தார்கள்.

சதவீதத்தை மட்டும் பார்த்தால் இந்தக் கதை பிடிபடாது. மொத்த எண்ணிக்கையோடு பெருக்க வேண்டும். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஈசினோபில் 500 வரை இருக்கலாம். 1,500-ஐத் தாண்டி, மறுபடி பார்க்கும்போதும் அப்படியே இருந்தால் அது ‘ஈசினோபில் மிகுதி’. அப்போது காரணத்தைத் தேடியே ஆக வேண்டும், உள்ளுறுப்புகளையும் பார்க்க வேண்டும். இந்த அம்மாவுக்கு முதல் தாளிலேயே 1,728. இரண்டாவதில் 3,024. மூன்றாவதில் 624. அந்த மூன்றாவது தாளின் தேதியையும் மருந்துச் சீட்டின் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஸ்டீராய்டு தொடங்கின நான்காம் நாள் எடுத்த ரத்தம் அது. ஸ்டீராய்டு சில மணி நேரத்திலேயே ஈசினோபிலை ரத்தத்திலிருந்து விரட்டிவிடும். அந்த ‘நார்மல்’ மாத்திரை கொடுத்த நார்மல்.

நாங்கள் எடுத்த அன்றைய கணக்கு: வெள்ளணுக்கள் 17,800, ஈசினோபில் 46 சதவீதம். அதாவது 8,188.

உடம்பில் பார்த்தவை

நாடித்துடிப்பு 112, ரத்த அழுத்தம் 100/70, ஆக்சிஜன் 93 சதவீதம். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நுரையீரலின் அடிப்பகுதி இரண்டிலும் நுணுக்கமான கரகரப்பு. கொஞ்சம் வீசிங். இதயத்தின் நுனியில் வால்வு கசியும் முணுமுணுப்பு. இவை எல்லாம் இதயம் திணறுகிறது என்று சொன்னவை. ஏன் திணறுகிறது என்று சொன்னது கை.

வலது கையின் மோதிர விரலிலும் நடுவிரலிலும், இடது கட்டைவிரலிலும் நகத்துக்கு அடியில் நீளவாக்கில் மெல்லிய கருஞ்சிவப்புக் கோடுகள். ஈர்க்குச்சியின் நுனியைச் சீவி நகத்துக்குள் செருகி வைத்தது போல இருந்தன. “இது எப்பத்துலேர்ந்து?” என்று கேட்டேன். “அது கத்திரி முள்ளு டாக்டரம்மா. பறிக்கும்போது குத்தும்” என்றார். இலவம்பாடிப் பக்கத்துக் கத்திரிச் செடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காய்க் காம்பில், இலை நரம்பில், தண்டில் எல்லாம் முள். பறிப்பவர் கையில் தடம் இல்லாமல் இருக்காது. அவருடைய விரல்களிலும் முள் குத்திய பொட்டுகள் நிறைய இருந்தன. முள் குத்தினால் பொட்டு விழும், தொட்டால் வலிக்கும். இந்தக் கோடுகளை நான் அழுத்தினேன். வலிக்கவே இல்லை. நகத்துக்கு அடியிலுள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் அடைபட்டுக் கசிந்த கோடுகள் அவை. எங்கிருந்தோ துணுக்குகள் கிளம்பி வந்து விரல் நுனியில் மாட்டுகின்றன என்று பொருள்.

அதைப் பார்த்த பிறகுதான் “கை கால் ஏதாவது மரத்துப் போச்சா?” என்று கேட்கத் தோன்றியது. மகன் சொன்னார்: போன வாரம் காலையில் டீ குடிக்கும்போது தம்ளர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்ததாம். அரை மணி நேரம் விரல்கள் மடங்கவில்லையாம். அப்புறம் சரியாகிவிட்டதாம். டீ கொட்டிப் போனது என்று மாமியார் திட்டினதோடு அந்த விஷயம் முடிந்திருக்கிறது.

அடுத்தது அரிப்பு. இதை நான் துருவித் துருவிக் கேட்டிருக்காவிட்டால் அவர் சொல்லியிருக்க மாட்டார். கூச்சம். இரண்டு மூன்று வருடமாகவே அவ்வப்போது புட்டத்திலும் தொடையின் பின்பக்கத்திலும் சிவந்த கோடு ஒன்று கிளம்பும். அரிக்கும். பூரான் ஊர்ந்த மாதிரி வளைந்து வளைந்து நகரும். இரண்டு நாளில் மறைந்துவிடும். ஒரு தடவை அக்கி என்று நினைத்து, பக்கத்து ஊரில் அக்கி எழுதும் குயவர் ஒருவரிடம் போயிருக்கிறார்கள். வீட்டுப் பெண்கள் துணை இருக்க, தொடையில் காவி குழைத்து எழுதியிருக்கிறார். மறுநாள் பார்த்தால் கோடு எழுதின இடத்தைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. அந்தப் பெரியவர், “அக்கி எழுதின எடத்துல நிக்கும்மா. இது ஓடுது. இது அக்கி இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று சொல்லி, கொடுத்த காசையும் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

அவர் கண்டது மிகச் சரி. தோலுக்கடியில் மணிக்குப் பல சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் கோடு என்றால், அதை உண்டாக்கும் புழு அநேகமாக ஒன்றுதான்: ஸ்ட்ராங்கிலாய்டிஸ். நாய், பூனையின் கொக்கிப்புழுக் குஞ்சும் தோலில் கோடு போடும். ஆனால் அது நாளுக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான் நகரும்.

இந்தப் புழுவைப் பற்றிக் கொஞ்சம்

கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நூல் போன்ற புழு. சிறுகுடலின் சவ்வுக்குள் வாழும் பெண் புழு சுமார் 2 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். ஈர மண்ணில் இருக்கும் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து ரத்தத்தில் ஏறி, நுரையீரலுக்கு வந்து, தொண்டை வழியாக வயிற்றுக்குள் இறங்கும். இதுவரை கொக்கிப்புழுவின் வழியும் இதுதான். இதன் தனித்தன்மை இதற்கப்புறம் வருகிறது. கொக்கிப்புழுவின் முட்டை வெளியே போய் மண்ணில் பொரிய வேண்டும். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் குடலுக்குள்ளேயே பொரிந்து, வெளியே போகாமலே குடல் சுவரையோ ஆசனவாய்த் தோலையோ துளைத்து மறுபடி உள்ளே புகுந்துவிடும். புட்டத்தில் ஓடும் கோடு அதனால்தான். ஒருமுறை நுழைந்தால் அந்த மனிதர் மறுபடி மண்ணை மிதிக்காவிட்டாலும் பத்து, இருபது, நாற்பது வருடம் உள்ளேயே இருக்கும்.

1876-இல் கொச்சின் சைனாவிலிருந்து (இன்றைய தெற்கு வியட்நாம்) வயிற்றுப்போக்கோடு பிரான்சுக்குத் திரும்பிய படைவீரர்களிடம் லூயி நார்மண்ட் இதை முதலில் கண்டார். இரண்டாம் உலகப் போரில் சயாம்–பர்மா ரயில் பாதை போட்ட போர்க் கைதிகளுக்கு, ஊர் திரும்பிப் பல பத்தாண்டுகள் கழிந்த பிறகும் இந்தப் புழு உடம்பில் இருந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் மாண்டதும் அதே பாதையில்தான். அந்தக் கைதிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவர்கள் நினைவும் எனக்கு வரும்.

நம் வட்டாரத்துக்கு மண்வழிப் புழுக்கள் புதிதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடம் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் ஊர் முழுவதற்கும் பூச்சி மாத்திரை கொடுத்துப் பார்க்கும் பெரிய ஆய்வை நடத்தியது. பெனின், மலாவி நாடுகளும் சேர்ந்த டிவோர்ம்3 ஆய்வு அது. இங்கே அதிகம் காணப்படுவது கொக்கிப்புழு. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் 1 முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்தது. வயலில் நிற்கும் நாற்பத்தேழு வயது அம்மாவை அது எட்டாது. “நானும் பூச்சி மாத்திரை ஒண்ணு போட்டுக்கினேனே” என்றார் இவர். அந்த ஒற்றை மாத்திரை கொக்கிப்புழுவுக்கு ஓரளவு போதும். ஸ்ட்ராங்கிலாய்டிஸுக்குப் போதாது. இதற்கு ஐவர்மெக்டின்தான் மருந்து.

இதயம்

இசிஜியில் முன்சுவர் முழுக்க டி அலைகள் தலைகீழாக இருந்தன. ட்ரோபோனின் கூடியிருந்தது, அதாவது இதயத் தசை அந்த நேரத்திலும் சிதைந்துகொண்டிருந்தது. மாரடைப்பாக இருக்குமோ என்று ஆஞ்சியோகிராம் பார்த்தோம். இதயத்தின் ரத்தக்குழாய்களில் எந்த அடைப்பும் இல்லை.

எக்கோ எடுத்த இதயநோய் மருத்துவர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். இடது கீழறையின் நுனி முழுவதையும் மெத்தை போல ஏதோ ஒன்று நிரப்பியிருந்தது. ரத்தக்கட்டு. வழக்கமாக நுனியில் கட்டு உறைவது பெரிய மாரடைப்புக்குப் பிறகு. சுவர் அசையாமல் கிடக்கும், ரத்தம் தேங்கும், உறையும். இங்கே கட்டுக்குப் பின்னால் இருந்த சுவர் நன்றாகச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. அடித்துத் தள்ளும் திறன் 55 சதவீதம். அசைகிற சுவரில் ஏன் ரத்தம் உறைகிறது? அந்தச் சுவரின் உள்தோல் புண்ணாகியிருக்கிறது என்பதே விடை. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வின் பின்னிதழ் சுவரோடு ஒட்டினாற்போல் நின்றது. கசிவு நடுத்தரம். அறை விரிந்து ரத்தத்தை வாங்க முடியாமல் விறைத்திருந்தது. மூச்சு வாங்கியதும் மெட்டி இறுகியதும் அதனால்தான்.

எம்ஆர்ஐயில் இதயத்தின் உள்விளிம்பு முழுவதும் வெள்ளைக் கோடு போட்டது போல மின்னியது. மூளை எம்ஆர்ஐயில் இரு பக்கமும், இரண்டு ரத்தக்குழாய்களின் எல்லைகள் சந்திக்கும் இடங்களில், அடைப்பால் வந்த கடுகளவு புள்ளிகள் சில. தம்ளர் நழுவியதற்கு விளக்கம் கிடைத்தது.

ஈசினோபில் இதயத்தை எப்படிக் கெடுக்கிறது? 1879-இல் பால் எர்லிக் இந்த அணுவுக்குப் பெயர் வைத்தார். இயோசின் என்ற சிவப்புச் சாயத்தை அது ஆசையாக உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சிவப்புத் துகள்களுக்குள் இருப்பவை புழுவின் தோலை அரிக்கக்கூடிய புரதங்கள். புழுவை எதிர்க்க உடம்பு செய்து வைத்த ஆயுதம் அது. மாதக்கணக்கில் ஆயிரக்கணக்கான ஈசினோபில்கள் ரத்தத்தில் சுற்றினால் சிலருக்கு அவை இதயத்தின் உள்தோலில் போய் உட்கார்ந்து, அங்கேயே வெடித்துத் துகள்களைக் கொட்டுகின்றன. முதலில் தசை அழுகும். இதற்குச் சில வாரங்கள். அடுத்து, புண்ணான உள்தோலின் மேல் ரத்தம் உறையும். அந்தப் புரதங்கள் ரத்தம் உறையாமல் காக்கும் இயற்கை ஏற்பாட்டையும் கெடுத்துவிடுவதால் உறைவது இன்னும் எளிதாகிறது. கடைசியில், ஓரிரு வருடத்தில், அந்த இடம் தழும்பாகித் தடித்துவிடும். தழும்பான பிறகு எந்த மருந்தாலும் திருப்ப முடியாது. வால்வை மாற்றலாம், தழும்பைச் சீவி எடுக்கலாம், அவ்வளவுதான். சுவிட்சர்லாந்தின் வில்ஹெல்ம் லோஃப்லர் 1936-இல் இதை விவரித்ததால் அவர் பெயரிலேயே இந்த நோய் வழங்குகிறது. உகாண்டாவிலும் கேரளத்திலும் ஏழைப் பிள்ளைகளிடம் அதிகம் பார்த்த இதய உள்தழும்பு நோய்க்கும் இதற்கும் உறவு உண்டா என்ற விவாதம் நெடுங்காலமாக நடக்கிறது.

வயிற்றுப் பூச்சி உள்ள எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. இது அபூர்வம். 20,000 ஈசினோபில் இருந்தும் இதயம் தப்பியவர்கள் உண்டு. 3,000-இல் மாட்டியவர்களும் உண்டு. எண்ணிக்கையை வைத்து யாருக்கு வரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் 1,500-ஐத் தாண்டி நீடிக்கும் எவருக்கும் ஒரு இசிஜி, ஒரு ட்ரோபோனின், ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள் என்று கேட்கிறேன். முதல் தாளில் 1,728 வந்தபோதே இவருக்கு அதைச் செய்திருந்தால், ரத்தக்கட்டு உறைவதற்கு முன்னால் பிடித்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

அந்த ஒரு இரவு

முதல் நாள் மாலையிலேயே எங்களுக்குள் ஒரு வாதம் வந்தது. இதயநோய் மருத்துவர் சொன்னார்: ட்ரோபோனின் ஏறியிருக்கிறது, தசை அழுகிக்கொண்டிருக்கிறது, இப்போதே ஸ்டீராய்டு போட வேண்டும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஈசினோபில் இதயத்தைத் தாக்கும்போது அதை நிறுத்தும் முதல் மருந்து ஸ்டீராய்டுதான்.

என் பயம் வேறு. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் உள்ள உடம்பில் ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டுக்குள் இருந்த புழு பெருகிக் குடலைத் துளைத்து, நுரையீரலுக்கும் மூளைக்கும் கூடப் போகலாம். போகும்போது குடலின் கிருமிகளையும் தூக்கிக்கொண்டு போகும். அந்த நிலைக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் பிழைப்பதில்லை. அப்போது ஈசினோபில் கூடக் குறைந்துவிடும் என்பதால் கண்டுபிடிப்பதும் கஷ்டம். இந்த அம்மா நான்கு தடவை ஸ்டீராய்டு சாப்பிட்டும் தப்பியது அவருடைய அதிர்ஷ்டம்.

அதற்காகப் பூச்சி மருந்தை மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவும் முடியாது. புழு சாகும்போது அழற்சி இன்னும் கூடி இதயத்தை மேலும் கெடுக்கலாம்.

மலப் பரிசோதனைக்கு மாதிரியை எடுத்து அனுப்பிவிட்டு, முடிவு வரும் வரை காத்திருக்காமல் அன்றிரவே ஐவர்மெக்டின் 12 மில்லிகிராம் கொடுத்தோம். எடை 54 கிலோ. கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் கணக்கு. மறுநாள் காலை முதல் ஸ்டீராய்டு, அதாவது பிரட்னிசலோன் 50 மில்லிகிராம். இரண்டாம் இரவு மறுபடி ஐவர்மெக்டின். பதினான்காம் நாள் தொடங்கி இன்னும் இரண்டு நாள். நடுவில் இருந்த அந்தப் பன்னிரண்டு மணி நேரம் போதும் என்று எந்த வாய்ப்பாடும் இல்லை. இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவே நாங்கள் எடுத்த முடிவு அது. அன்றிரவு இரண்டு முறை வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். மகன் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து விழித்தபடி உட்கார்ந்திருந்தார். “அம்மா தூங்குறாங்க டாக்டர்” என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதியான பிறகு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும், அப்புறம் வார்ஃபரினும் தொடங்கினோம். நீர் பிரியும் மருந்து கொடுத்ததில் மூன்று நாளில் கால் வடிந்தது. மெட்டி தானாகக் கழன்றது.

நுண்ணோக்கியில் நேராகப் பார்த்தபோது மலத்தில் புழு எதுவும் இல்லை. இந்தப் புழுவுக்கு அது சகஜம். ஒற்றைப் பரிசோதனையில் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் ஐவர்மெக்டினுக்கு முன்னால் எடுத்த அதே மாதிரியை, கிருமி வளர்க்கும் கூழ் பரப்பிய அகார் தட்டிலும் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் ஆய்வக நண்பர் கூப்பிட்டார். மஞ்சள் நிற அகாரின் மேல், எறும்பு மாவில் நடந்தது போல வளைந்த தடங்கள். புழுக் குஞ்சு ஊர்ந்த வழியெல்லாம் அதன் உடம்பில் ஒட்டியிருந்த கிருமிகள் விழுந்து முளைத்துப் புள்ளி புள்ளியாகக் கோலமிட்டிருந்தன. அந்தக் குயவர் தொடையில் பார்த்த கோட்டை நான் தட்டில் பார்த்தேன்.

வேறு எதுவாக இருக்கலாம் என்று பார்த்தோம்

ரத்தப் புற்றுநோய் வகை முக்கியம். 2003-இல் கண்டறியப்பட்ட ஒரு மரபணு ஒட்டு, அதாவது எஃப்ஐபி1எல்1, பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற இரண்டும் இணைந்துகொள்வது, ஈசினோபில் மிகுதியையும் இதய நோயையும் உண்டாக்கும். அதற்கு இமாட்டினிப் மாத்திரை அருமையாக வேலை செய்யும் என்பதால் அதைத் தவறவிடக் கூடாது. இவருக்கு அது இல்லை. அந்த வகை நோயில் கூடக்கூடிய வைட்டமின் பி12, ட்ரிப்டேஸ் அளவுகள் சரியாக இருந்தன. எலும்பு மஜ்ஜையிலும் கெட்ட அணுக்கள் இல்லை.

யானைக்கால் புழுவால் வரும் நுரையீரல் ஈசினோபீலியாவையும் நினைத்தோம். நம் மக்கள் ‘ஈஸ்னோபீலியா’ என்று இருமலுக்குப் பெயர் வைத்திருப்பதே அந்த நோயால்தான். ராத்திரியில் கூடும் வறட்டு இருமல், வீசிங், மூவாயிரத்துக்கு மேல் ஈசினோபில். பழைய வடாற்காட்டுக்கு வடமேற்கே இருக்கும் மதனப்பள்ளியின் காசநோய் மருத்துவமனையிலிருந்து ஃபிரிமோட் மோலரும் பார்ட்டனும் 1940-இல் அதைக் காசநோய் போலத் தோன்றும் ஒரு நோயாக எழுதினார்கள். அதற்கு டைஈதைல்கார்பமசின், ஊர்ப் பேச்சில் யானைக்கால் மாத்திரை, மூன்று வாரம் கொடுத்தால் நல்ல குணம் தெரியும். இவருக்கு அது பலிக்கவில்லை என்பதே ஒரு துப்பு. நள்ளிரவில் எடுத்த ரத்தத்திலும் யானைக்கால் புழு இல்லை.

என்னை உறுத்திய சந்தேகம் இன்னொன்று: ரத்தக்குழாய் அழற்சி. நடுவயதில் புதிதாக வரும் ஆஸ்துமா, ஈசினோபில் மிகுதி, இதயத் தாக்கம் மூன்றும் சேர்ந்தால் அந்த நோயை நினைக்காமல் இருக்க முடியாது. அந்த நோய்க்குச் செய்யும் ஆன்கா என்ற ரத்தப் பரிசோதனை இல்லை என்று வந்தது. ஆனால் இதயம் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அது இல்லை என்றுதான் வரும். சைனஸ் தொந்தரவோ, நரம்பு மரப்போ, சிறுநீரில் கோளாறோ இல்லை. இதயத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்திருந்தால் சந்தேகம் இன்னும் குறைந்திருக்கும். கட்டு நிரம்பிய அறைக்குள் ஊசியை விடும் துணிவு எங்களுக்கு இல்லை. அதனால் இந்த நிகழ்வின் முடிவை ஸ்டீராய்டு நிறுத்தின பிறகு வரும் எண்ணிக்கையில்தான் தேட வேண்டியிருந்தது.

ஈசினோபில் நான்காம் நாள் 940, பத்தாம் நாள் 210. இதில் யாரும் சந்தோஷப்படக் கூடாது, அது ஸ்டீராய்டின் வேலை. ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நான்கு மாதத்தில் நிறுத்தினோம். நிறுத்தின இரண்டு மாதம் கழித்து 410. ஒரு வருட முடிவில் 330. முன்பெல்லாம் பத்து நாளில் திரும்பி வந்த வீசிங் திரும்பி வரவில்லை. அகார் தட்டில் மறுபடி தடம் விழவில்லை. தொடையில் கோடும் ஓடவில்லை. அழற்சி நோயாக இருந்திருந்தால் ஸ்டீராய்டு போன பிறகு இவ்வளவு நாள் சும்மா இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

எக்கோவில் ஆறாம் வாரம் கட்டு பாதியானது. நான்காம் மாதம் மறைந்தது. மைட்ரல் பின்னிதழ் அப்படியேதான் நிற்கிறது. கசிவு கொஞ்சம் குறைந்திருக்கிறது, போகவில்லை. அது தழும்பு. மாடிப்படி ஏறினால் இப்போதும் இரண்டாவது வளைவில் நின்றுதான் ஏறுகிறார்.

வார்ஃபரினை ஒரு வருடம் கொடுத்தோம். கீரை அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். ஆனாலும் கீரையை நிறுத்தச் சொல்லவில்லை. வாரத்தில் எத்தனை நாள் சாப்பிடுவாரோ அதை மாற்றாமல் சாப்பிடச் சொன்னோம். மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் அதற்குப் போனது.

வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்தோம். மாமியாருக்கு ஈசினோபில் 1,100. அவருடைய தட்டிலும் தடம் இருந்தது. எக்கோ நன்றாக இருந்தது. அவருக்கும் ஐவர்மெக்டின் கொடுத்தோம். வீட்டில் இப்போது கழிப்பறை இருக்கிறது. தோட்டத்தில் வேலையாக இருக்கும்போது ஓடைப் பக்கம்தான். மண் அங்கேதான் கெடுகிறது.

செருப்பு போடுங்கள் என்று நான் சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “வரப்பு வரைக்கும் போட்டுக்கினுதான் போறேன். நெலத்துக்குள்ள எப்படிம்மா செருப்போட எறங்கறது? சாமி மாதிரி இல்லயா அது?” அதுவும் இல்லாமல் நடவுச் சேற்றில் செருப்பு நிற்காது, மகன் வாங்கிக் கொடுத்த ரப்பர் பூட்ஸ் முழங்கால் வரை சேற்றில் புதைந்து காலோடு வராமல் போய்விட்டது. கத்திரித் தோட்டத்தில் மட்டும் இப்போது பூட்ஸ் போடுகிறார். நடவுக்கு வெறுங்கால்தான். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை மலமும் ரத்தமும் பார்த்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

அடுத்த எக்கோ தை மாதம். போன முறை வந்தபோது மஞ்சப்பையிலிருந்து ரத்தப் பரிசோதனைத் தாளை அவரே எடுத்து நீட்டினார். ஈசினோபில் சதவீதத்துக்குப் பக்கத்தில், மகன் பெருக்கிப் பார்த்து நீல மையில் எழுதியிருந்த எண்: 352.